நிலக்கீழ் அறைச் சுவரில் குழாய் நுழையும் இடத்தால் தண்ணீர் வருகிறது (கொக்குவில்)

வெண்கட்டி | 2024 டிசம்பர் 4

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் நிலத்துக்குக் கீழே அறை கட்டச் சொன்னது நான் அல்ல, கனடாவில் இருக்கும் என் தம்பி. அவனுடைய வீட்டில் பேஸ்மன்ட் இருக்கிறதாம். ஆகவே அம்மாவின் வளவில் கட்டும் வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டுமாம். காசு அவனுடையது. வாளி தூக்குவது நான்.

அறை 14 அடிக்கு 10 அடி. தரை, வளவு மட்டத்திலிருந்து 6 அடி கீழே இருக்கிறது. சுவர் 8 அங்குலக் கொங்கிறீற். வடக்குச் சுவரில் மூன்று குழாய்கள் நுழைகின்றன. கிணற்றிலிருந்து மோட்டாருக்கு வரும் உறிஞ்சு குழாய் வளவு மட்டத்திலிருந்து 4 அடி ஆழத்தில். குசினிக் கழிவுத் தண்ணீர் வெளியே போகும் இரண்டு அங்குலக் குழாய் இரண்டரை அடி ஆழத்தில். படலை விளக்குக்கு வயர் போகும் சாம்பல் நிறக் குழாய் ஒன்றரை அடி ஆழத்தில். மூன்றுக்கும் சுவர் எழும்பிய பிறகே துளை இடித்து, குழாயைச் செருகி, சுற்றிவரச் சாந்து அப்பியிருக்கிறார்கள்.

சென்ற மாதக் கடைசி வாரத்துப் புயல் மழையை இங்குள்ள யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து மூன்று குழாயடியாலும் தண்ணீர். உறிஞ்சு குழாயடிதான் மோசம். ஒரு லீற்றர் போத்தலை வைத்து மணிக்கூட்டைப் பார்த்தேன், 11 நிமிடத்தில் நிரம்புகிறது. அப்படியென்றால் நாளொன்றுக்கு 130 லீற்றர். 31 வருடம் கணக்குப் படிப்பித்தவள், மன்னிக்கவும்.

இதுவரை செய்தவை: சிலிக்கன் மூன்று தடவை. மூன்று தடவையும் வெயிலில் எரிந்த முதுகுத் தோல் போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. பிறகு ஒருவர் வந்து சீமெந்துச் சாந்து பூசிவிட்டுப் போனார். மறுநாள் காலை அந்தச் சாந்தைச் சுற்றி மயிர் போல ஒரு வளையக் கோடு, அதற்குள்ளால் தண்ணீர். அதற்கு மேல் "தண்ணீர் புகாது" என்று தகரத்தில் எழுதியிருந்த பூச்சையும் அடித்தேன். அது அம்மைக் கொப்புளம் போல் ஊதி நிற்கிறது.

அறையில் வைத்திருந்த புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) முழுவதும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதற்காகத்தான் உண்மையான கோபம். உள்ளே இருந்தபடி இதை அடைக்க வழி உண்டா?

பனங்குற்றி | 2024 டிசம்பர் 4

ரீச்சர், எங்கள் ஊரில் நிலத்துக்குக் கீழே அறை என்றால் ஒன்றே ஒன்றுதான், பதுங்குகுழி. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு வெட்டியவர்கள் நாங்கள். கார்த்திகை பிறந்தால் அதற்குள் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். மேலே குண்டு, கீழே தவளை. அந்தக் காலத்திலேயே நிலம் எங்களுக்குப் படிப்பித்த பாடத்தை உங்கள் தம்பி மறந்துவிட்டார்.

உதவியான பதில் இல்லை என்று தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஸ்காபரோக்காரன் | 2024 டிசம்பர் 5

அக்கா, தம்பிக்காக நான் பேசுகிறேன். இங்கே கனடாவில் பேஸ்மன்ட் ஆடம்பரம் இல்லை. குளிரில் நிலம் உறைந்து பொருமும். அந்த ஆழத்துக்குக் கீழே அத்திவாரம் போக வேண்டியிருப்பதால், தோண்டிய இடத்தை அறையாக்கிவிடுகிறார்கள். கொக்குவிலில் நிலம் உறையாது என்பது வேறு கதை.

என் வீட்டிலும் தண்ணீர்க் குழாய் நுழையும் இடம் ஒழுகியது. ஆட்களைக் கூப்பிட்டேன். குழாய்க்குச் சற்றுத் தள்ளிச் சுவரில் சரிவாகத் துளையிட்டு, சுவருக்கு நடுவில் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை எட்டினார்கள். அதற்குள் பொலியூரித்தேன் திரவத்தை அழுத்தத்துடன் ஏற்றினார்கள். தண்ணீரைத் தொட்டதும் அது நுரைத்துப் பொங்கி இடைவெளியை நிரப்பும். அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று தண்ணீரைக் குடித்து ஊதுவது. கோடையில் காய்ந்தால் சுருங்கிவிடும். மற்றது தண்ணீரைத் தள்ளுவது, சுருங்காது. ஆறு மாதம் காயும் ஊருக்கு இரண்டாவதைக் கேளுங்கள். கதவுநிலை இடுக்குக்கு அடிக்கும் சாதாரண நுரைத் தகரத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அது தண்ணீரின் அழுத்தத்துக்கு நிற்காது.

இன்னொரு வழி: அத்திவாரத்தைச் சுற்றித் துளைக் குழாய் பதித்து, தண்ணீரைத் தரைக்குள் வெட்டிய ஒரு குழிக்கு இறக்கி, பம்ப் வைத்து வெளியேற்றுவது. இங்கே பல வீடுகளில் உண்டு.

தூக்குக்குண்டு | 2024 டிசம்பர் 5

தங்கச்சி, 40 வருடம் மேசன் வேலை செய்தவன் சொல்கிறேன். கனடாத் தம்பி சொன்ன குழியை மறந்தும் வெட்ட வேண்டாம். அங்கே களிமண்ணாக இருக்கலாம். எங்களுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், உள்ளே முழுக்கப் பொந்தும் குகையும். எவ்வளவு இறைத்தாலும் வற்றாத நிலாவரைக் கிணற்றைப் பார்த்த பிறகும் தண்ணீரை இறைத்து வற்றவைக்கலாம் என்று நினைப்பவனுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. தரையை உடைத்தால் அந்தத் துளை உங்களுக்கு இன்னொரு கிணறு.

சாந்து ஏன் நிற்கவில்லை? பிவிசி குழாய் வழுவழுப்பு, சீமெந்து அதைப் பிடிக்காது. சாந்து காயும்போது சுருங்கும், அந்தச் சுருக்கம் குழாயைச் சுற்றி மயிர்க் கோடாக நிற்கும். நீங்கள் பார்த்தது அதுதான். சிலிக்கன் காய்ந்த கண்ணாடிக்கு உரியது. ஈரச் சுவரில், அதுவும் பின்னால் இருந்து தண்ணீர் தள்ளும்போது, அது எப்படி ஒட்டும்?

ஆனால் அடைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கிணற்றைப் பாருங்கள். வளவு மட்டத்திலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று ஒவ்வொரு நாளும் அளந்து, அன்றைக்கு எந்தக் குழாய் எவ்வளவு ஒழுகுகிறது என்று எழுதுங்கள். கழிவுக் குழாயே வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பத்து நாளில் கிணறே பதில் சொல்லும்.

வெண்கட்டி | 2024 டிசம்பர் 15

அண்ணா, எழுதினேன். கிணற்றுக் கட்டில் வெண்கட்டியால் அடியும் அங்குலமும் கோடு போட்டாயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

முதல் நாள் தண்ணீர் 2 அடியில் நின்றது, மூன்று குழாயும் ஒழுகின. பிறகு நாலைந்து நாள் மழை இல்லை, கிணறு மெல்ல இறங்கியது. இரண்டரை அடிக் கோட்டைத் தாண்டி இறங்கிய அன்றே கழிவுக் குழாயடி நின்றுவிட்டது. உறிஞ்சு குழாயடி நிற்கவில்லை, ஆனால் கிணறு மூன்றரை அடிக்கு வந்தபோது போத்தல் நிரம்ப 11 நிமிடத்துக்குப் பதில் 30 நிமிடம் பிடித்தது.

விசித்திரம் வயர்க் குழாய்தான். மழை விட்ட மறுநாளே அது நின்றுவிட்டது, அப்போது கிணறு இறங்கத் தொடங்கக்கூட இல்லை. பிறகு ஒரு பின்னேரம் சட்டென்று ஒரு மழை. கிணற்றுக் கோட்டில் ஒரு விரல்கூட ஏறவில்லை, ஆனால் இருபது நிமிடத்தில் வயர்க் குழாயடியால் சொட்டுச் சொட்டாக வரத் தொடங்கிவிட்டது.

கழிவுக் குழாயைப் பரிசோதிக்க, கேக்குக்குப் போடும் சிவப்பு நிறத்தைக் குசினித் தொட்டியில் கரைத்து ஊற்றினேன். அது ஒழுகிக்கொண்டிருந்த நாளில்தான் செய்தேன். சுவரில் சிவப்பு வரவே இல்லை. குசினித் தொட்டி மட்டும் இரண்டு நாள் கொலை நடந்த இடம் போல இருந்தது.

சல்லியும் மணலும் | 2024 டிசம்பர் 16

அம்மா, நான் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் தொழில்நுட்ப உத்தியோகத்தன். மேசன் ஐயா கேட்ட கேள்வியிலும் உங்கள் வெண்கட்டிக் கோட்டிலும் பாதி வேலை முடிந்துவிட்டது.

உறிஞ்சு குழாயும் கழிவுக் குழாயும் ஒரே நோய். நிலத்தடி நீர் அவற்றின் மட்டத்துக்கு மேலே ஏறும்போது சுவருக்கு வெளியே நின்று தள்ளுகிறது, இறங்கினால் விட்டுவிடுகிறது. உறிஞ்சு குழாயில் வெடிப்பு இருந்தால், கிணறு அந்தக் குழாய்க்குக் கீழே இறங்கிய நேரம் ஓடும்போது மோட்டார் காற்றை இழுத்துத் திணறும். அப்படி இல்லையென்றால் குழாய் நல்லது, சுற்றியுள்ள இடைவெளிதான் பிழை.

வயர்க் குழாய் வேறு நோய். அது கிணற்றைக் கேட்கவில்லை, மழையைக் கேட்கிறது. தண்ணீர் குழாயைச் சுற்றி அல்ல, குழாய்க்கு உள்ளால் வருகிறது என்று நினைக்கிறேன். படலை விளக்குத் தூணடியில் வயர்ப் பெட்டி இருக்கும், அது மழையில் நிரம்பி, குழாய் வீட்டை நோக்கிச் சரிந்திருப்பதால் உங்கள் அறைக்குள் வடிகிறது. சுவரில் எவ்வளவு பூசினாலும் இது நிற்காது. தயவுசெய்து அந்த இணைப்பை இன்றைக்கே பிரதான ஆளியில் நிறுத்துங்கள், நீங்கள் தொட வேண்டாம், வயரிங் தெரிந்தவர் வரட்டும். தூணடிப் பெட்டியை நில மட்டத்துக்கு மேலே உயர்த்தி, அடியில் ஒரு வடிதுளை வைக்க வேண்டும். அறைப் பக்க வாயில், வயரைச் சுற்றி, இறுகாத களி போன்ற அடைப்பை வைக்கலாம். சீமெந்து வைத்தால் நாளைக்கு வயர் மாற்ற முடியாது.

ஒரு கணக்கும் தருகிறேன், உங்களுக்குப் பிடிக்கும். கிணறு 2 அடியில் நிற்கும்போது உங்கள் தரைக்குக் கீழே 4 அடித் தண்ணீரின் அழுத்தம் இருக்கிறது. 140 சதுர அடித் தரையை அது ஏறத்தாழ 16 தொன் எடையுடன் மேலே தள்ளுகிறது. மேலே வீடு உட்கார்ந்திருப்பதால் அறை மிதக்கவில்லை. தரையை உடைக்க வேண்டாம் என்று ஐயா சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

தண்ணீரில் ஊதும் பென்ரனைற் (ஒருவகைக் களிமண்) பட்டியைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். நல்ல பொருள்தான், ஆனால் உவர்த் தண்ணீரில் அது நன்னீரில் ஊதுவதுபோல ஊதாது. உங்கள் கிணறு நன்னீரென்றால் பரவாயில்லை.

தூக்குக்குண்டு | 2024 டிசம்பர் 16

தம்பி சொன்னது சரி. இப்போது அடைக்கும் விதத்தைச் சொல்கிறேன். தண்ணீருக்குள்ளேயே சில நிமிடத்தில் இறுகும் சீமெந்து கட்டடப் பொருட்கடையில் இருக்கிறது. இறுகும்போது சற்று விரியும், அதனால்தான் அது வேண்டும்.

குழாயைச் சுற்றி ஒன்றரை அங்குல அகலம், இரண்டு அங்குல ஆழம் உளியால் வெட்டுங்கள். வாய் ஒடுக்கமாகவும் உள்ளே அகலமாகவும் இருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் தள்ளும்போது அடைப்பு வெளியே பிதுங்காது. குழாயை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். தூசி கழுவப்பட வேண்டும்.

ஓடுகிற தண்ணீரோடு சண்டை போடக் கூடாது, அதற்கு வழி விட வேண்டும். ஆகக் கூடுதலாகத் தண்ணீர் வரும் இடத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகுங்கள், ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய் போதும். எல்லாத் தண்ணீரும் அதனால் வாளிக்குள் போகட்டும். பிறகு மேலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் சுற்றிக் கீழே வாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு பிடி மட்டும் குழையுங்கள். இறுகத் தொடங்கியதை மீண்டும் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அது செத்த சீமெந்து. கடைசியாகச் சேலைன் குழாயை இழுத்துவிட்டு, ஒரு பிடியைக் கூம்பாக உருட்டி, அது கையில் சூடேறும் நேரம் பார்த்து அந்தத் துளைக்குள் அழுத்திப் பிடியுங்கள். விட்டுவிடக் கூடாது. கையுறை போடுங்கள்.

இது இந்த மாரியைக் கடக்கும். நிரந்தர வேலை வெளியேதான். கிணறு நன்றாக வற்றும் ஆடி ஆவணியில் கிண்டுவோம்.

வெண்கட்டி | 2025 ஜனவரி 6

நத்தாருக்கு மறுநாள் செய்தோம். தெரிந்த மேசன் பொடியன் ஒருவன் உளி பிடித்தான், நான் குழைத்தேன். முதல் இரண்டு பிடியும் வீண். ஆறுதலாக, ரொட்டிக்கு மா குழைப்பது போலக் குழைத்தேன், சட்டிக்குள்ளேயே கல்லாகிவிட்டது. மூன்றாவது பிடிக்கு வேகம் வந்தது.

சேலைன் குழாய்க்குள்ளால் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சுற்றிவர அடைத்து முடிந்தது. பொடியன் குழாயை இழுத்தான், ஒரு பென்சில் தடிப்பில் தண்ணீர் என் சட்டையில் பீறிட்டது. அவன் கூம்பைத் துளையில் வைத்து இரண்டு பெருவிரலாலும் அழுத்தினான். நான் மணிக்கூட்டைப் பார்த்து நிமிடம் சொன்னேன். ஒன்று. இரண்டு. "சுடுகிறது ரீச்சர்" என்றான். பிடி என்றேன். ஐந்தாவது நிமிடத்தில் கையை எடுத்தான். வாளி சத்தமில்லாமல் இருந்தது. அந்த அறையில் அப்படி ஓர் அமைதியை ஒரு மாதமாக நான் கேட்கவில்லை.

படலைத் தூணடிப் பெட்டியை வயரிங் செய்பவர் திறந்தபோது உள்ளே தண்ணீர் மட்டுமல்ல, ஒரு தேரைக் குடும்பமும் இருந்தது. தம்பி உத்தியோகத்தர் சொன்னது அப்படியே சரி. பெட்டியை உயர்த்திவிட்டார். அதன் பிறகு இரண்டு மழை பெய்தது, வயர்க் குழாயடி காய்ந்திருக்கிறது.

கழிவுக் குழாயடியில் மட்டும் விரல் வைத்தால் ஈரம் தெரிகிறது. ஒழுக்கு இல்லை, வியர்வை.

ஸ்காபரோக்காரன் | 2025 ஜனவரி 6

அக்கா, குழி வெட்டச் சொன்னதற்கு மன்னியுங்கள். 16 தொன் கணக்கைப் பார்த்த பிறகு என் தரையில் நடக்கவே பயமாக இருக்கிறது.

வெண்கட்டி | 2025 ஆகஸ்ட் 24

கேட்டவர்களுக்காக: வெளியே கிண்டிவிட்டோம். கிணற்றுத் தண்ணீர் அறையின் தரை மட்டத்துக்கும் கீழே போயிருக்கிறது, குழி காய்ந்த குழி. சுவரை ஒட்டி அலவாங்கு இறங்கிய இடத்தில் வந்தது மண் அல்ல. உடைந்த ஓடு, சுண்ணாம்புக் கற்கள், இரண்டு சீமெந்துப் பை, ஒரு செருப்பு. கட்டியவர்கள் கிண்டிய செம்மண்ணை எங்கேயோ அனுப்பிவிட்டு, கழிவைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அதற்கு மேலே கூரைப் பீலியின் வாய். கூரைத் தண்ணீர் முழுவதும் நேராகக் குழாயடிக்குப் போவதற்கு இதைவிட நல்ல வழியை நான் வரைந்து கொடுத்தாலும் அமைக்க முடியாது.

கழிவுக் குழாயின் வியர்வைக்கும் வெளியே காரணம் இருந்தது. கற்களின் பாரத்தில் குழாய் சுவரடியில் ஓர் அரை அங்குலம் தாழ்ந்து, அதன் மேல் பக்கம் சுவரோடு இடைவெளி பிறை போலத் திறந்திருந்தது.

உறிஞ்சு குழாயையும் கழிவுக் குழாயையும் சுவரோடு சேரும் இடத்தில் வெளியிலிருந்து வெட்டிச் சுத்தம் செய்து, அதே இறுகு சீமெந்தால் அடைத்து, அதற்கு மேல் வளைந்து கொடுக்கும் பூச்சைக் குழாயிலும் சுவரிலும் ஒரு சாண் அகலத்துக்குத் துணி வைத்து இரண்டு தடவை பூசினோம். மேசன் அண்ணா போனில் சொன்னபடி குழாய்க்குக் கீழே கொங்கிறீற் இருக்கை வைத்தோம், இனித் தாழாது. பிறகு உரும்பிராயிலிருந்து ஒரு லோட் செம்மண், அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்து இடித்தோம். மேல் மட்டம் வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிகிறது. பீலித் தண்ணீரை வாழையடிக்குத் திருப்பியாயிற்று.

தம்பி படம் கேட்டான், அனுப்பினேன். "இப்போது கனடா மாதிரி இருக்கிறது" என்று பதில் போட்டிருக்கிறான். செருப்பின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன், அதற்குப் பதில் இல்லை.

கிணற்றுக் கட்டில் வெண்கட்டிக் கோடுகள் அழிந்துவிட்டன, இந்தத் தடவை பெயின்ற்றால் போட்டேன். புதிய புழுக்கொடியல் டின் குசினி அலுமாரியில்தான் இருக்கிறது. ஐப்பசி வரட்டும்.